நழுவும் முடிக்குப் பிடி கொடுப்பது எப்படி: எங்கே நழுவுகிறதோ அங்கிருந்து ஆரம்பிக்கலாம்

நாத்தனார் கல்யாணம். ஆரத்தித் தட்டோடு மண்டப வாசலில் நிற்கிறேன். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குகிற நேரம் பார்த்து என் தலையிலிருந்த மூன்று முழம் மல்லிகையும், அதைப் பிடித்துக்கொண்டிருந்த ஏழு பின்களும் முதுகு வழியாகச் சரிந்து தரையில் விழுந்தன. தட்டைக் கீழே வைக்கவும் முடியாது, திரும்பிப் பார்க்கவும் முடியாது. பின்னால் நின்ற பெரியம்மா சரத்தை எடுத்து உதறினார். “முடியில வெச்சா நிக்குமாடி? முடிச்சுல வைக்கணும்” என்றார். ஓரமாக இழுத்துப் போய் ஒரே ஒரு பின்னில் திரும்ப வைத்துவிட்டார். ராத்திரி நானாக எடுக்கும்வரை அது அசையவில்லை.

அந்த ஒரு வரியைத்தான் கீழே நீட்டி எழுதியிருக்கிறேன். வழுவழுப்பான மெல்லிசு முடியில் எத்தனை பின் குத்தினாலும் பயனில்லை. பின்னுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு முடிச்சு, ஒரு சொரசொரப்பு, ஒரு ரப்பர் பேண்டு உள்ளே இருக்க வேண்டும்.

முதலில், உங்கள் முடி எந்த ரகம்?

நம் வீடுகளில் மெல்லிசு முடி, அடர்த்தி குறைந்த முடி இரண்டையும் ஒரே ‘எலிவால்’ கணக்கில் எழுதிவிடுவார்கள். இரண்டும் வேறு. சீப்பில் வந்த ஒரு முடியை எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டிப் பாருங்கள். தையல் நூல் மாதிரித் தட்டுப்பட்டால் பருமனான முடி. விரலுக்கு நடுவில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்றால் மெல்லிசு. மனித முடியின் குறுக்களவு பெரும்பாலும் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்கும். நம் போன்றவர்கள் அந்தக் கீழ் எல்லையை ஒட்டி நிற்கிறோம். பாதிதானே குறைவு என்று நினைக்க வேண்டாம். கம்பிக்கு உள்ள கணக்குதான் முடிக்கும்: குறுக்களவு பாதியானால் விறைப்பு பதினாறில் ஒரு பங்காக இறங்கிவிடும். அக்காவின் கொண்டை சும்மா சுற்றிச் செருகினாலே நிற்பதும், தங்கையின் கொண்டை கையை எடுத்ததும் அவிழ்வதும் இதனால்தான். தலையில் மொத்தம் எத்தனை முடி என்பது தனிக் கணக்கு. மெல்லிசாகவும் மண்டை நிறையவும் இருக்கிற முடி உண்டு. என்னுடையது அந்த ரகம். பார்க்கிறவர்கள் பட்டு மாதிரி இருக்கிறது என்பார்கள். பின் குத்துகிறவர்களைக் கேட்டால் வேறு சொல்வார்கள்.

அதே முடியை வைத்து இன்னொரு சோதனை. இரண்டு விரலுக்கு நடுவே நீளவாக்கில் வைத்து முன்னும் பின்னும் தேயுங்கள். முடி ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். அது போகிற பக்கம்தான் வேர். முடியின் மேல்தோலில் செதில்கள் ஓட்டுக் கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக நுனியை நோக்கிப் படிந்திருக்கின்றன. வேரிலிருந்து நுனிக்கு எது வந்தாலும் வழுக்கிக்கொண்டு போகும். எதிர்த்திசையில் வந்தால் மாட்டும். இதை நினைவில் வையுங்கள், கீழே வேண்டியிருக்கும்.

பின் குத்திய அரை மணிக்குள் பாதி வெளியே வந்து நிற்கிறது

காலையில் தலைக்குக் குளித்தீர்களா? கண்டிஷனர் போட்டீர்களா? அப்படியானால் பாதிக் காரணம் குளியலறையிலேயே இருக்கிறது. கண்டிஷனரில் நேர்மின்னேற்றம் கொண்ட பொருள்கள் இருக்கும். எதிர்மின்னேற்றம் உள்ள முடியில் அவை ஒட்டிக்கொண்டு, செதில்களின் மேல் ஒரு வழுக்குப் பூச்சு போட்டதுபோல் ஆக்கிவிடும். பாட்டிலின் பின்பக்கம் ‘கோன்’ என்று முடிகிற பெயர் (டைமெத்திகோன் மாதிரி) இருந்தால் சிலிகானும் சேர்ந்திருக்கிறது. சிக்கு எடுக்க அது வரம், பின் குத்த அது சனியன். விசேஷத்துக்கு முந்தின நாளே குளித்துவிடுங்கள். அன்றைக்கே குளித்தாக வேண்டும் என்றால் கண்டிஷனரைக் காதுக்குக் கீழே மட்டும் தடவுங்கள். சீயக்காயோ அரப்போ போட்டு அலசிய தலை பின்னை இன்னும் நன்றாகப் பிடிக்கிறது என்பது என் அனுபவம். பாட்டிமார்களின் கொண்டை நின்றதில் அதற்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

குளியல் சரி என்றால், பின்னைப் பாருங்கள். சைடு பின்னுக்கு (சில ஊர்களில் ஸ்லைடு) ஒரு கால் நேராகவும் ஒரு கால் நெளிநெளியாகவும் இருக்கும். நம்மில் பாதிப் பேர் நெளிவு அழகுக்கு என்று நினைத்து அதை மேலே வைக்கிறோம். நெளிந்த கால் மண்டைப் பக்கம் போக வேண்டும். பிடிமானமே அந்த நெளிவில்தான்.

அடுத்தது, பின் எந்தத் திசையில் கிடக்கிறது? முடி ஓடுகிற திசையிலேயே பின்னும் படுத்திருந்தால், அது வேரிலிருந்து நுனிக்கு வழுக்கிக்கொண்டு கிளம்பிவிடும். குறுக்காகக் குத்துங்கள். அதிலும் சிறந்த வழி, முதலில் முடிக்கு எதிர்ப்பக்கமாகப் பின்னின் வாயில் கொஞ்சம் முடியை வாங்கிக்கொண்டு, அப்படியே பின்னைத் திருப்பிப் போட்டு உள்ளே தள்ளுவது. திருப்பும்போது முடி கொஞ்சம் இறுகுகிறதே, அந்த இறுக்கம்தான் பின்னை உள்ளே வைத்திருக்கும். மேலே இன்னொரு பின்னைப் பெருக்கல் குறி மாதிரி மாட்டிவிட்டால் ஒன்றை ஒன்று விடாது.

நிறைய முடியை ஒரே பின்னில் திணிக்கிற பழக்கமும் வேண்டாம். வாய் பிளந்த பின், மூடப் பார்த்து மூடப் பார்த்து, ஈர சோப்பைக் கையில் இறுக்கினால் எகிறுகிற மாதிரி தன்னையே வெளியே தள்ளிக்கொள்ளும். பழைய பின்னையும் சந்தேகப்படுங்கள். ஒற்றைச் செய்தித்தாளைக் கவ்வச் சொல்லித் தொங்கவிட்டுப் பாருங்கள். தாள் விழுந்தால் அந்தப் பின் குப்பைக்கு. நுனியில் உள்ள குமிழ் உதிர்ந்த பின்னும் குப்பைக்குத்தான்; மண்டையைக் கீறும்.

இவ்வளவுக்கும் நிற்கவில்லை என்றால் பேக் கோம்பிங். பின் வரப்போகிற இடத்தில், மேல் முடியை ஒதுக்கிவிட்டு, அடியில் இரண்டு விரல் அகலக் கற்றையை நிமிர்த்திப் பிடித்துச் சீப்பை நுனிப் பக்கத்திலிருந்து வேரை நோக்கி மூன்று தடவை தள்ளுங்கள். செதில்கள் எதிர்த்து மாட்டி, வேர்ப்பக்கத்தில் தேங்காய் நார் மாதிரி ஒரு சின்ன மெத்தை உருவாகும். பின் அந்த மெத்தையில் இறங்க வேண்டும். மேல் முடியை மூடிவிட்டால் வெளியே தெரியாது. மூன்று தடவை போதும், முப்பது வேண்டாம்.

ஹேர் ஸ்ப்ரே இருந்தால் தலையில் அடிப்பதைவிடப் பின்களில் அடியுங்கள். செய்தித்தாளில் பின்களைப் பரப்பி ஒரு தடவை அடித்து, காய்ந்ததும் எடுத்துக் குத்துங்கள். இரும்பின் வழுவழுப்பு போய்விடும். ஒரு எச்சரிக்கை: ஸ்ப்ரேயில் ஆல்கஹால் இருக்கிறது, எளிதில் தீப்பற்றும். குத்துவிளக்கு, ஹோம குண்டம், கற்பூரத் தட்டு எதன் அருகிலும் அடிக்காதீர்கள். அடித்த தலை முழுக்கக் காயாமல் மணமேடைக்கும் போகாதீர்கள்.

பூச்சரம் மட்டும் சரிகிறது

சரத்தைப் பையிலிருந்து எடுத்ததும் தலையில் வைக்கிறீர்களா? பூக்காரம்மா தெளித்த தண்ணீர் அதிலேயே இருக்கும். எடையும் கூடும், வழுக்கலும் கூடும். நன்றாக உதறி, கால் மணி நேரம் கொடியில் தொங்கவிடுங்கள். எனக்கு வாய்ப்பிருந்தால் கனகாம்பரம்தான் எடுப்பேன். மணம் இல்லை, ஆனால் கனமும் இல்லை. மல்லிதான் வேண்டும் என்றால் இரண்டு முழத்தை மடித்து வையுங்கள்; நாலு முழத்தைச் சுமக்கிற தலை நம்முடையது இல்லை.

பெரியம்மா செய்தது இதுதான். ஜடை ஆரம்பிக்கிற இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே, பென்சில் பருமனுக்கு ஒரு கற்றையைப் பிரித்தெடுத்தார். அதை மூன்று காலாக இரண்டு அங்குலத்துக்கு இறுக்கிப் பின்னினார். நுனியைக் கறுப்பு நூலால் கட்டி ஜடைமேல் தொங்கவிட்டார். அந்தக் குட்டிப் பின்னல்தான் முடிச்சு. பிறகு சரத்தை இரண்டாக மடித்து நடு இடத்தைப் பிடித்தார். இரண்டு பூக்கட்டுக்கு இடையில் நார் தெரியும் அல்லவா, பின்னின் ஒரு காலை அந்த நாருக்கு அடியில் விட்டார். அதே காலைக் குட்டிப் பின்னலின் இரண்டாவது கண்ணிக்குள் நுழைத்து, மறு காலை வெளியே விட்டு அழுத்தினார். வேலை முடிந்தது. பின் இப்போது பிடித்திருப்பது பின்னலையும் நாரையும். பூவையும் முடியையும் பிடித்தால் பூ நசுங்கும், முடி வழுக்கும்.

சரம் இரு பக்கமும் காது வரை வளைந்து போக வேண்டும் என்றால் ஓரங்களில் ஆளுக்கொரு பின் போதும். அவை சரத்தை ஒதுக்கி வைப்பதற்கு மட்டும். எடை முழுக்க நடுவில்.

பின்னிய ஜடை ஒரு மணி நேரத்தில் தளர்கிறது, ரப்பர் பேண்டு கழன்று விழுகிறது

ஈரத்தோடு பின்னினால் இறுக்கமாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. பின்னும்போது இருக்கும், உண்மைதான். ஈரத்தில் உப்பிய முடி காய்ந்ததும் மெலியும், ஜடைக்குள் இடம் விழும், கால்கள் தளரும். போதாக்குறைக்கு ஈர முடி சீக்கிரம் அறுந்துபோகும். காய்ந்த தலையில், உள்ளங்கையில் இரண்டே சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பின்னுங்கள். கொஞ்சமாக எண்ணெய் இருந்தால் சிலும்புகிற முடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கால்கள் கலையாமல் வரும். வழிய வழிய வைத்தால் ஜடை நிற்கும், ஆனால் அதில் எந்தப் பின்னும் நிற்காது. பூ வைக்கிற நாளில் எண்ணெய் வேண்டாம்.

நுனி வரை பின்னிக்கொண்டு போகாதீர்கள். கடைசியில் மூன்று காலும் சேர்ந்தே ஊதுவத்திக் கனம்தான் இருக்கும். அதில் எந்த ரப்பர் நிற்கும்? கை நிறையப் பிடி இருக்கும் இடத்திலேயே நிறுத்தி, ரப்பரை இரண்டு சுற்று போட்டு, மிச்ச வாலை மேல்நோக்கி மடித்து அதன்மேல் மூன்றாவது சுற்றைப் போடுங்கள். மடிப்பு வந்துவிட்டால் ரப்பர் இறங்காது. டெலிபோன் ஒயர் மாதிரிச் சுருள் பேண்டும், சாட்டின் ஸ்க்ரன்ச்சியும் நமக்கு ஒத்துவராது. துணி சுற்றிய சாதா பேண்டு போதும்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ரிப்பன் விஷயமும் இதேதான். சாட்டின் ரிப்பனைக் கடைசியில் முடிச்சுப் போட்டு அனுப்பினால் மத்தியானத்துக்குள் ஒரு பக்கம் காணாமல் போகும். பாதி ஜடை வந்ததும் ரிப்பனை நடுவில் வைத்து, அதன் இரு முனைகளையும் இரண்டு கால்களோடு சேர்த்தே பின்னிக்கொண்டு போங்கள். பிறகு மேலே மடித்துக் கட்டினால் சாயங்காலம் வரை அப்படியே வரும்.

கொண்டை சரிகிறது

கூந்தலுக்கு ‘ஐம்பால்’ என்று ஒரு பழம்பெயர் உண்டு. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்று ஐந்து வகையாக முடிப்பதால் வந்தது என்பார்கள் உரையாசிரியர்கள். ஐந்தில் நம்மை அதிகம் ஏமாற்றுவது கொண்டைதான்.

கையில் சுற்றிச் செருகுகிற கொண்டையை மறந்துவிடுங்கள். முதலில் கொண்டை வரவேண்டிய இடத்தில் இறுக்கமாக ஒரு போனிடெயில். அந்த ரப்பர் பேண்டுதான் இங்கே முடிச்சு. வாலை ஒரே திசையில் முறுக்குங்கள், தானாகவே சுருண்டு உட்காரப் பார்க்கும்வரை. எந்தப் பக்கம் முறுக்கினீர்களோ அந்தப் பக்கமே சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் முறுக்கு அவிழ்ந்துவிடும். நுனியை அடியில் செருகிவிட்டுக் கொண்டை ஊசியை எடுங்கள். சைடு பின் இல்லை, யூ வடிவத்தில் வாய் அகன்ற கொண்டை ஊசி.

அதை நேராகக் குத்துவதுதான் எல்லோரும் செய்கிற தவறு. கொல்லிமலைக்குப் போகிற வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வண்டி ஒரு பக்கமாகப் போய், வளைந்து, வந்த பக்கமே திரும்பும். ஊசியும் அப்படித்தான் போக வேண்டும். கொண்டையின் வெளிவிளிம்பில் கொஞ்சம் முடியை ஊசிமுனையில் வாங்கி, முனை வெளியே பார்த்தபடி மண்டையைத் தொடும்வரை கொண்டுபோய், அங்கே அப்படியே திருப்பி, நடுவில் இருக்கும் ரப்பர் பேண்டை நோக்கித் தள்ளுங்கள். ஊசி ரப்பருக்குள் ஏறும்போது விரலுக்கே ஒரு தடங்கல் தெரியும். அது தெரியவில்லை என்றால் வெளியே எடுத்துத் திரும்பக் குத்துங்கள். மேலே, கீழே, இரு பக்கம் என்று நாலு ஊசி இப்படி ஏறிவிட்டால் தலையை ஆட்டிப் பார்க்கலாம்.

ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டிப் போகிறவர்கள் கொண்டையைப் போய்ச் சேர்ந்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டையும் கொண்டையையும் சேர்த்து ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை.

சவுரி இறங்குகிறது, ஜடைநாகம் ஒரு பக்கம் இழுக்கிறது

இதில் பரதநாட்டியம் ஆடுகிற பெண்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். இரண்டு மணி நேரம் குதித்து, சுழன்று, அரைமண்டியில் உட்கார்ந்து எழுந்தாலும் அவர்கள் சவுரி நகராது. முதல் ரகசியம் கறுப்பு நூல். போனிடெயிலின் அடியில் சவுரியின் தலைப்பை வைத்து, இரண்டையும் சேர்த்து நூலால் வரிந்து கட்டிவிடுவார்கள். ரப்பர் இழுத்தால் நீளும், நூல் நீளாது. பிறகு சவுரியின் மூன்று கால்களையும் சொந்த முடியின் மூன்று கால்களோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பின்னுவார்கள். சவுரியைத் தனியாகப் பின்னி மேலே மாட்டினால் அது தொங்கும் சாமான். சேர்த்துப் பின்னினால் அது ஜடை.

இரண்டாவது ரகசியம் இடுப்பில் இருக்கிறது. ஜடையின் கீழ்ப்பகுதியை ஒட்டியாணத்துக்குள் விட்டுவிடுவதால், குஞ்சலத்தின் கனம் ஆடி ஆடித் தலையை இழுப்பதில்லை. கல்யாணப் பெண்ணுக்கும் இதையே செய்யலாம். ஆனால் அவள் குனிந்து காலில் விழுகிறபோது ஜடை பிடித்து இழுக்காத அளவுக்கு மேலே தளர்வு விடுங்கள். இதை நாற்காலியில் உட்கார வைத்துப் பார்க்காமல், ஒரு தடவை குனியச் சொல்லிப் பாருங்கள்.

ஜடைநாகம், ஜடைபில்லை, ராக்கொடி இவற்றைப் பின் குத்தி மாட்டுவதைவிட ஊசி நூலால் சவுரியோடு தைத்துவிடுவது நல்லது. தையல் சவுரியில்தான் இறங்க வேண்டும், சொந்த முடியில் கூடாது. ராத்திரி கத்தரிக்கோல் எடுக்கிறவர் தூக்கக் கலக்கத்தில் இருப்பார்.

நெற்றியோரக் குட்டி முடி எழுந்து நிற்கிறது

பின் வேண்டாம். பழைய டூத் பிரஷ்ஷில் துளி கற்றாழை ஜெல் தொட்டு, முடி போகிற திசையில் படியத் தேய்த்து, ஒரு துணியை ஐந்து நிமிடம் கட்டி வையுங்கள்.

போட்ட சுருள் மண்டபம் போவதற்குள் நீண்டுவிடுகிறது

முடிக்குள் ஹைட்ரஜன் பிணைப்புகள் இருக்கின்றன. நனைந்தாலோ சூடுபட்டாலோ அவை விட்டு, காயும்போதும் ஆறும்போதும் அப்போதிருக்கிற வடிவத்தில் திரும்பச் சேரும். சுருள் போடுவது, நேராக்குவது எல்லாமே இந்தத் தற்காலிக ஏற்பாடுதான். சென்னைக் காற்றின் ஈரம் அதை மெல்ல மெல்ல அவிழ்த்துவிடும். செய்யக்கூடியது ஒன்று: சுருட்டியதும் விட்டுவிடாமல், சூடான சுருளை வளையமாகவே ஒரு கிளிப்பில் மாட்டி, முழுக்க ஆறிய பிறகு அவிழ்ப்பது. சுருள் அதிக நேரம் நிற்கட்டும் என்று சூட்டை 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏற்றாதீர்கள். மெல்லிசு முடி கெட்டுப்போகும். கடலோர ஊரில், ஏசி இல்லாத மண்டபத்தில், சித்திரை மாதத்தில் விரித்துவிட்ட சுருள் வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் ஜடையைத்தான் சிபாரிசு செய்வேன்.

போன வருஷம் நின்ற பின் இந்த வருஷம் நிற்கவில்லை

பின்னில் குறை தேடுவதற்கு முன் சீப்பைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது சாதாரணம். குழந்தை பிறந்து இரண்டு, மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள் திரும்ப வந்துவிடும். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டும்கூட முடியை மெலிய வைக்கும். வகிடு அகலமாகிறது, நெற்றியோரம் பின்வாங்குகிறது என்றால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். தினமும் இழுத்து இறுக்கிப் போடுகிற கொண்டையாலும் நெற்றியோரம் ஏறும். நிற்க வேண்டும் என்பதற்காக வலிக்க வலிக்கக் கட்டாதீர்கள். வலித்தால் பிடிப்பு தவறான இடத்தில் இருக்கிறது. இறுக்கத்தைக் குறைத்து, உள்ளே ஒரு குட்டிப் பின்னலைக் கூட்டுங்கள்.

ராத்திரி அவிழ்க்கும்போது

பேக் கோம்பிங் செய்த இடத்தை வேரிலிருந்து சீவினால் கொத்தோடு வரும். நுனியில் ஆரம்பித்து, ஒவ்வொரு விரற்கடையாக மேலே ஏறுங்கள். ஸ்ப்ரே இறுகியிருந்தால் முதலில் கொஞ்சம் எண்ணெய் தொட்டு ஊறவிடுங்கள். காலையில் எத்தனை பின் குத்தினோம் என்று எண்ணி வைத்துக்கொள்வது நல்லது. பதினொன்று குத்தி, பத்துதான் வந்தது என்றால் தலையணையை உதறுவதற்கு முன் சவுரிக்குள் கையை விட்டுப் பாருங்கள், அங்கேதான் இருக்கும்.